இரண்டாவது கதிரை



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இத்தொடரில் இசைத்தட்டையும் ஒலிபெருக்கியையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களுள் சிலர் வினவக்கூடும். வாசிப்பைப் பற்றி ஓயாது பேசுகிற நாம் கேட்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வள்ளுவரோ கல்வி, கல்லாமை ஆகிய இரு அதிகாரங்களை அடுத்து, 42ஆவது அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். படிப்பதற்கு நிகரான ஒரு பயிற்சியாகவே அவர் கேட்பதைக் கருதினார் என்று கொள்ளலாம். ஆகவே, நன்றாகக் கேட்பதையே வாழ்க்கையின் பெரும் இன்பமாகக் கொண்ட சிலரைப் பற்றி இன்று பார்ப்போம். அவர்கள் தமக்கென ஒரு துணையை எவ்வாறு தேடினார்கள், அத்துணை அவர்களுக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதே எமது விசாரணை.

வீட்டிலே நல்ல ஒலிக்கருவிகளைச் சேர்த்து வைத்து இசையை நுணுகிக் கேட்கும் பழக்கம் உலகெங்கும் உள்ளது. இசைத்தட்டைச் சுழற்றும் கருவி, அம்பிளிபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் ஆகியவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் பணம் சேர்ப்பார்கள். பெட்டியை ஓர் அங்குலம் முன்னே நகர்த்துவார்கள், பின்னே நகர்த்துவார்கள். வீட்டார் இதைப் பைத்தியம் என்பர். அயலவர் பணக்காரப் பொழுதுபோக்கு என்பர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அதற்கப்பால் ஒரு விசித்திரமும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கு, அதன் இயல்பிலேயே, ஒருவரைத் தனிமைப்படுத்துவதாக அமைந்துவிட்டது.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை எமது மூளை எப்படி அறிகிறது? ஒரு காதுக்கும் மறு காதுக்கும் அவ்வொலி வந்து சேரும் நேரத்தில் ஒரு சிறு வேறுபாடு இருக்கும். வலிமையிலும் வேறுபாடு இருக்கும். இவற்றைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. ஸ்ரீரியோ ஒலிப்பதிவு இந்தக் கணிப்பைத்தான் பயன்படுத்துகிறது. அலன் புளும்லைன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1931இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்ரீரியோ இசைத்தட்டுக்கள் கடைகளுக்கு வந்ததோ 1950களின் இறுதியில்தான். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில், நடுவே அமர்ந்தால் பாடகர் எமக்கு நேர் முன்னே நிற்பதுபோலத் தோன்றும். வயலின் இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம் என்று இடம் பிரிந்து கேட்கும். சற்று விலகி அமர்ந்தாலோ, அண்மையில் உள்ள ஸ்பீக்கரின் ஒலி முந்திக்கொண்டு வந்துவிடும். பாடகரும் வயலினும் மிருதங்கமும் ஒரே பெட்டிக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

இதன் விளைவு யாது? அறையில் நல்ல இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஒரு கதிரைக்குத்தான் வசதி உண்டு. இரண்டாவது கதிரை எங்கே வைக்கப்பட்டாலும் அது இரண்டாந்தரமானதே. இவ்வளவு பாடுபட்டு ஒழுங்குசெய்த இன்பத்தைப் பக்கத்தில் இருப்பவருடன் சரிபாதியாகப் பகிர முடியாது என்பது இந்தப் பொழுதுபோக்கின் சோகம். அப்படியிருந்தும் இப்பிரியர்கள் துணை தேடுவதை விடவில்லை. இரண்டாவது கதிரையை அவர்கள் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதன் வரலாறு சுவையானது.

ஆரம்பத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1877இல் எடிசன் ஒலியைப் பதிந்தார். 1887இல் எமில் பேர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழிசெய்தார். அக்காலத்துக் கிராமபோனின் கொம்பு வாய் ஊரையே அழைத்தது. ஒரு வீட்டில் இருந்தால் தெருவே கேட்டது. ஆனால் இசைத்தட்டுக்களைப் பொறுக்கிச் சேர்த்து, ஆழ்ந்து கேட்க விரும்பியவருக்கு அத்தெருவில் துணை கிடைப்பது அரிது. அவர் வேறெங்கோ இருக்கும் தன்னையொத்த ஒருவரைத் தேட வேண்டியிருந்தது.

அப்படித் தேடியவர்களுள் ஒருவர் நாவலாசிரியர் கொம்ப்டன் மக்கென்ஸி. பின்னாளில், 1947இல், 'விஸ்கி கலோர்' என்ற நகைச்சுவை நாவலை எழுதிப் பெரும் புகழ் பெற்றவர் இவர். 1920களின் தொடக்கத்தில் ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஒரு சிறு தீவில் வாழ்ந்துவந்தார். எழுத்தாளர் ஒருவர், தீவு ஒன்று, கிராமபோன் ஒன்று. எந்த இசைத்தட்டு நல்லது, எந்த ஊசி தட்டைத் தேய்க்காது என்று கேட்டறிய ஆளில்லை. அன்றைய பத்திரிகைகள் இசைத்தட்டுக்களைப் பொருட்படுத்தி விமர்சிப்பதும் அரிதாயிருந்தது. ஆகவே அவர் 1923 ஏப்ரலில் 'தி கிராமபோன்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அவரது மைத்துனர் கிறிஸ்டோபர் ஸ்டோன் துணைநின்றார். அந்த ஸ்டோனே 1927இல் பி.பி.சி.யில் இசைத்தட்டு நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கி, பிரித்தானிய வானொலியின் முதல் இசைத்தட்டு அறிவிப்பாளர் என்று பெயர் பெற்றார்.

தனித்திருந்த கேட்போருக்கு இச்சஞ்சிகை ஒரு சந்திப்பு மண்டபம் ஆயிற்று. ஒருவரையொருவர் காணாதவர்கள் ஊசியைப் பற்றியும் கொம்பின் அளவைப் பற்றியும் எழுதி விவாதித்தார்கள். 1924இல் மக்கென்ஸி ஒரு படி மேலே சென்று 'தேசிய கிராமபோனிக் சங்கம்' என்ற சந்தாதாரர் அமைப்பை உருவாக்கினார். வர்த்தகக் கம்பனிகள் விலைபோகாது என்று ஒதுக்கிய நாற்கருவி இசை போன்றவற்றைச் சந்தாப் பணத்தில் முழுமையாகப் பதிவுசெய்வதே அதன் நோக்கம். முதலில் பதிவானது பீதோவனின் ஒரு நாற்கருவிப் படைப்பு. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் ஜோன் பார்பிரோலியின் ஆரம்பகாலப் பதிவுகள் சில இச்சங்கத்துக்காகவே செய்யப்பட்டவை.

இதே வழியை 1931இல் பெரிய கம்பனியொன்றும் பின்பற்றியது. எச்.எம்.வி. நிறுவனத்தில் பணியாற்றிய வோல்டர் லெக் என்ற இளைஞர் ஒரு யோசனை சொன்னார். ஹியூகோ வுல்ஃப் என்னும் ஒஸ்திரிய இசையமைப்பாளரின் பாடல்களைக் கேட்க விரும்புவோர் 500 பேர் முன்பணம் கட்டினால் அவற்றைப் பதிவுசெய்வோம் என்பதே அந்த யோசனை. ஐந்நூறு பேர் சேர்ந்தார்கள். அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் யப்பானியர். பூமியின் மறுகோடியில், மொழியறியாத ஒரு நாட்டில், அதே பாடலுக்காகக் காத்திருந்த ஒருவர் இருந்தார் என்று இங்கிலாந்துக்காரர் அறிந்தபோது எத்துணை ஆறுதல் அடைந்திருப்பார்! பீதோவனின் முப்பத்திரண்டு பியானோ சொனாட்டாக்களையும் ஆர்த்தர் ஷ்னாபெல் முதன்முதலாக முழுமையாகப் பதிவுசெய்ததும் இத்தகைய சந்தாச் சங்கத்தின் மூலமே.

கடிதத் துணை ஒருபுறம் இருக்க, கூடியிருந்து கேட்கும் வழக்கமும் பரவியது. இங்கிலாந்தின் பல ஊர்களில் கிராமபோன் சங்கங்கள் தோன்றின. 1936இல் அவை ஒரு தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன. கூட்டம் நடந்த முறையைத் தெரிந்துகொண்டால் அதன் இன்பம் விளங்கும். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலு அல்லது நாலரை நிமிடமே இசை இருக்கும். நாற்பது நிமிட சிம்பனி ஒன்றுக்கு ஐந்து தட்டுக்கள், பத்துப் பக்கங்கள் வரை தேவை. உருக்கு ஊசியைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்ற வேண்டும். மூங்கில் ஊசியாயின் சீவ வேண்டும். ஒருவர் தட்டைப் புரட்டுவார், ஒருவர் ஊசியைக் கவனிப்பார், ஒருவர் அடுத்த தட்டை உறையிலிருந்து எடுத்து வைத்திருப்பார். அந்த இடைவெளியில் ஒரு பெருமூச்சு, ஒரு தலையசைப்பு. அப்போதெல்லாம் கருவியின் குறையே மனிதரைச் சேர்த்து வைத்தது.

இங்கே இலக்கிய உலகம் அறிந்த ஒரு குடிசையையும் குறிப்பிட வேண்டும். 'அரேபியாவின் லோரன்ஸ்' என்று பெயர்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ் தமது புகழிலிருந்து ஓடி ஒளிந்து, 1923இல் தாங்கிப் படையில் பெயர் மாற்றிச் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். முகாமுக்கு அண்மையில் 'கிளவுட்ஸ் ஹில்' என்ற சிறு குடிசையை வாடகைக்கு எடுத்தார். அங்கே ஒரு கிராமபோன் இருந்தது. முகாமிலிருந்து சக சிப்பாய்கள் வருவார்கள். நாவலாசிரியர் ஈ. எம். போஸ்டரும் வருவார். மது இல்லை. தேநீர், தகரத்தில் அடைத்த உணவு, பீதோவன், மொசார்ட். எழுத்தாளரும் படைவீரரும் பட்டம் பதவி பாராது ஒரே அறையில் அமர்ந்து கேட்டார்கள். 1935இல் லோரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்ததும் அந்தக் குடிசைக்கு அருகிலேதான். தன் பெயரையே துறந்த மனிதருக்கும், இருந்து கேட்க நாலு பேர் வேண்டியிருந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எமது நாடும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. எட்வேட் ஹார்ப்பர் என்பவர் கொழும்பில் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்தார். 1923இல் மத்திய தந்தி நிலையத்தின் ஓர் அறையிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டே அந்த ஒலிபரப்பி செய்யப்பட்டது. போரில் உடைந்த கப்பலின் துண்டு, கொழும்பில் பாட்டுப் பாடியது. ஆங்கிலேயரும் இலங்கையருமான வானொலிப் பிரியர்களைச் சேர்த்து ஹார்ப்பர் ஒரு கழகத்தையும் அமைத்தார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கப்பட்டது. பின்னர் வந்த இலங்கை வானொலியின் பெருமைகள் அனைத்துக்கும் வேர், கிராமபோனையும் கம்பிச் சுருளையும் வைத்து விளையாடிய அந்தச் சிறு கூட்டத்தில் இருக்கிறது.

இனி யப்பானுக்குச் செல்வோம். அங்கே இந்தத் தேடல் வேறு வடிவம் கொண்டது. வெளிநாட்டு இசைத்தட்டுக்களின் விலை சாதாரண மாணவனுக்கும் தொழிலாளிக்கும் எட்டாதது. நல்ல ஒலிக்கருவியோ கனவு. ஆகவே 'கிஸ்ஸா' எனப்படும் கோப்பிக் கடைகள் அவர்களுக்கு வீட்டின் இடத்தை நிரப்பின. ஒரு கோப்பைக் கோப்பியை வாங்கிவிட்டு, கடைக்காரரின் இசைத்தட்டுக்களை மணிக்கணக்காகக் கேட்கலாம். டோக்கியோவின் ஷிபுயாவில் உள்ள 'லயன்' என்ற மேலைச் சாஸ்திரிய இசைக் கடை 1926இல் தோன்றியது. யோக்கஹாமாவில் மமோரு யொஷிடா என்பவர் 1933இல் 'சிகுசா' என்ற ஜாஸ் கோப்பிக் கடையைத் திறந்தார்.

இத்தகைய கடைகள் பலவற்றில் ஒரு விதி உண்டு. கதைக்கக் கூடாது. கதிரைகள் ஒன்றையொன்று பாராமல், பள்ளிக்கூட வாங்குகள்போல, ஸ்பீக்கரை நோக்கி இருக்கும். துணை தேடி வந்தவரை வாய்மூடி இருக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் கோயிலில் மூலஸ்தானத்தின் முன் நிற்கும்போது நாம் பக்கத்தவருடன் கதைக்கிறோமா? ஆயினும் தனியே நிற்கிறோம் என்ற எண்ணம் எமக்கு வருவதில்லை. ஒரே திசையை நோக்கியிருப்பதும் ஒருவகை உறவுதான். முகத்தை முகம் பார்த்துப் பேசத் தயங்கும் கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இதைவிடச் சிறந்த தோழமை இல்லை.

சிகுசாவின் கதையில் துயரமும் உண்டு. போர்க்காலத்தில் ஜாஸ் எதிரியின் இசை எனத் தடைசெய்யப்பட்டது. 1945 மே மாதத்தில் யோக்கஹாமாமீது நிகழ்ந்த விமானக் குண்டுவீச்சில் யொஷிடாவின் கடையும் அவர் சேர்த்த இசைத்தட்டுக்களும் எரிந்து போயின. போரின் பின்னர் அவர் மீண்டும் கடையைத் திறந்தார். தொஷிகோ அகியோஷி, சடாவோ வட்டனாபே போன்ற, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற யப்பானிய ஜாஸ் கலைஞர்கள் இளமையில் அங்கே வந்து கேட்டுப் பயின்றார்கள். யொஷிடா 1994இல் மறைந்தார். 2007இல் கடை மூடப்பட்டது. ஆனால் அதை நேசித்தவர்கள் 2012இல் அதே பெயரில் அயலிலேயே மீண்டும் திறந்தார்கள். இசைத்தட்டு எரியும், கடைக்காரர் இறப்பார், கட்டடம் இடியும். சேர்ந்து கேட்டவர்கள் இருக்கும்வரை அந்த இடம் எங்கேனும் மீண்டும் முளைக்கும் என்பதற்கு இது சான்று.

சேர்ந்து கேட்பதற்கு இன்னும் பெரிய விலை கொடுத்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய லெனின்கிராட்டை எண்ணிப் பாருங்கள். ஜாஸ் இசை சந்தேகத்துக்கு உரியதாயிற்று. நாட்டைவிட்டு வெளியேறிய ருஷ்யப் பாடகர்களின் பாட்டுக்கள் விலக்கப்பட்டன. அங்கே ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞரும் நண்பர்களும் இசைத்தட்டு வெட்டும் கருவியொன்றைத் தாமே செய்தனர். தட்டுக்கு வேண்டிய பிளாஸ்ரிக் கிடையாது. மருத்துவமனைகள் கழித்துவிடும் பழைய எக்ஸ்ரே படங்களை வாங்கினார்கள். கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுவே துளையிட்டு, அதன்மேல் பாட்டைப் பதித்தார்கள். யாருடையதோ விலா எலும்பின்மீது ஊசி ஓட, இரைச்சலுக்கிடையே தடைசெய்யப்பட்ட குரல் ஒலித்தது. மக்கள் அவற்றை 'எலும்புகள்' என்றே அழைத்தனர்.

அத்தகைய தட்டைச் சில தடவைகளுக்கு மேல் கேட்க முடியாது, விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அருமையானது. யாரை அழைப்பது என்ற வினாவோ ஆபத்தானது. அழைக்கப்பட்டவர் வாயைத் திறந்தால் சிறை. பொகஸ்லோவ்ஸ்கி 1950இல் கைதுசெய்யப்பட்டு, ஸ்ராலினின் மறைவுக்குப் பின்னரே, 1953இல், விடுதலையானார். வெளியே வந்ததும் மீண்டும் அதே வேலையில் இறங்கினார். சேர்ந்து கேட்க அழைப்பது அங்கே, என் உயிரை உன்னிடம் நம்பித் தருகிறேன் என்று சொல்வதற்குச் சமமாக இருந்தது. ஒலியின் தரத்தை அளக்கும் கருவிகொண்டு பார்த்தால் அதைவிட மோசமான இசைத்தட்டு உலகில் இல்லை. ஆயினும் அதைவிடக் கவனமாக எந்த இசைத்தட்டும் கேட்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

காலம் மாறியது. மேற்கு நாடுகளில் ஒலியின் தரம் உயர்ந்தது. 1947இல் வில்லியம்சன் என்ற பொறியியலாளர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஓர் அம்பிளிபயரின் அமைப்பை வெளியிட்டார். பல நாடுகளிலும் பிரியர்கள் ஈயம் உருக்கி ஒட்டி அதை வீட்டிலேயே செய்தார்கள். 1948இல் நெடுநேரம் ஒலிக்கும் எல்.பி. தட்டு வந்தது. இனிப் பத்துத் தடவை எழுந்து புரட்ட வேண்டியதில்லை. அதன்பின் ஸ்ரீரியோ வந்தது, ஒற்றைக் கதிரையும் உடன் வந்தது. கருவி முன்னேற முன்னேற, அடுத்தவருக்குச் செய்யக் கொடுக்க வேலை இல்லாமற் போயிற்று. புரட்டுவதற்கும் ஊசி மாற்றுவதற்கும் நின்ற தோழர் தேவையற்றவர் ஆனார்.

இதன் உச்சம் 1979 யூலையில் வந்த ஸோனியின் வோக்மன். இதிலே பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. முதலாவது வோக்மனில் ஹெட்போன் செருகும் துளைகள் இரண்டு இருந்தன. அருகிலிருப்பவருடன் பேசுவதற்கு ஒரு விசையும் இருந்தது. ஸோனியின் தலைவர் அகியோ மொரிட்டா இதன் காரணத்தைத் தமது நூலில் கூறியிருக்கிறார். பரீட்சார்த்தக் கருவியை அவர் வீட்டிற்குக் கொண்டு சென்று கேட்டபோது, தன்னை ஒதுக்கிவிட்டதாக அவரது மனைவி மனங்குறைந்தார். தனியே கேட்பது மரியாதைக் குறைவு என்று மொரிட்டாவுக்குப் பட்டது. எனவே இருவர் கேட்க வழிசெய்தார். ஆனால் வாங்கியவர்கள் அதைத் தமக்கே உரிய தனிப்பொருளாகவே பாவித்தார்கள். பின்வந்த மாதிரிகளில் இரண்டாவது துளையும் பேசும் விசையும் மறைந்தன. ஒரு மனைவியின் மனக்குறையிலிருந்து பிறந்த இரண்டாவது கதிரை இவ்வாறு எடுத்து அகற்றப்பட்டது.

அப்படியாயின் இன்று வீட்டிலே நல்ல ஒலியமைப்பு வைத்திருப்பவருக்குத் துணை உண்மையில் வேண்டுமா? வேண்டும் என்பதற்கு விஞ்ஞானக் காரணங்களே உண்டு. முதலாவது, அறை. தாழ்ந்த சுருதி ஒலியின் அலை மிக நீளமானது. செக்கனுக்கு 40 தடவை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய எட்டரை மீற்றர். எமது வீட்டு அறைகளோ அதன் பாதியளவே. சுவரில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு கலந்து, ஓரிடத்தில் முழங்கும், மற்றோரிடத்தில் அற்றுப்போகும். இதைச் சீர்செய்ய ஒருவர் இருந்து கேட்க, மற்றவர் பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்வது, தன் முதுகைத் தானே சொறிவது போன்றது.

இரண்டாவது, மனம் செய்யும் மாயம். அதிக விலை கொடுத்து வாங்கிய கருவி நன்றாக ஒலிப்பதாகவே தோன்றும். இரண்டு கருவிகளில் சற்று உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றும். இதற்கு மருந்து, ஒரு நண்பரும் ஒரு துணியும். கருவிகளைத் துணியால் மூடி, ஒலியின் அளவைச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் நண்பர் மாற்றி மாற்றிப் போடட்டும். எம் பெருமைகளுட் பல அந்தத் துணிக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது, முதுமை. இளஞ் செவிக்குச் செக்கனுக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய பலருக்கு 12,000க்கு மேற்பட்டவை கேட்பது அரிது. நல்ல கருவி வாங்கப் பணம் சேரும் வயதில், அதன் முழு ஒலியையும் கேட்கும் காது போய்விடுகிறது. தம்புராவின் மேற்சுரங்களின் மினுக்கத்தைப் பேர்த்தி கேட்டுச் சொல்ல, அப்பாடகர் எந்த மரபில் வந்தவர் என்பதைப் பேரனார் அவளுக்குச் சொல்லலாம். அவளிடம் செவி, அவரிடம் கேள்வி. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழு இரசிகர்.

ஆனால் இவையெல்லாம் கருவி பற்றிய காரணங்கள். இன்னும் ஆழமான காரணத்தை யப்பானிய நாவலாசிரியர் ஹருக்கி முரக்காமி எமக்குக் காட்டுகிறார். எழுத்தாளராகுமுன்னர், 1974இல், டோக்கியோ நகருக்கு மேற்கே கொகுபுன்ஜியில் ஜாஸ் இசைத்தட்டுக்கள் ஒலிக்கும் கடையொன்றை நடத்தத் தொடங்கியவர் அவர். 2010இல் புகழ்பெற்ற இசை நடத்துநர் செய்ஜி ஒஸாவா புற்றுநோய்ச் சத்திர சிகிச்சைக்குப் பின் ஓய்விலிருந்தார். பெரும் இசைக்குழுக்களை நடத்திய கைகள் ஓய்ந்திருந்தன. அந்நாட்களில் இருவரும் கூடியிருந்து இசைத்தட்டுக்களைப் போட்டுக் கேட்டார்கள், கதைத்தார்கள். அந்த உரையாடல்கள் 2011இல் நூலாக வந்தன.

அந்நூலில் ஒஸாவா ஒளிவுமறைவின்றி ஒன்றைச் சொல்கிறார். பணமும், உயர்ந்த கருவிகளும், அறை நிறைந்த இசைத்தட்டுக்களும் வைத்திருக்கும் வெறியர்களைத் தமக்குப் பிடிப்பதில்லை என்கிறார். அவர்கள் இசையைக் கேட்கவில்லை, பொருளைச் சேர்க்கிறார்கள் என்பது அவரது மனத்தாங்கல். ஆனால் முரக்காமியுடன் இருந்து கேட்டபோது, இவர் கேட்கும் முறை ஆழமானது என்று கண்டுகொள்கிறார். தாம் இளமையில் உதவியாளராக இருந்த காலத்துப் பதிவுகளைக் கேட்டு, மறந்தவற்றை நினைவுகூர்கிறார். இசைக் கல்வி பெறாத ஓர் இரசிகரின் கேள்விகள், அரை நூற்றாண்டு அனுபவம் பெற்ற கலைஞருக்குத் தம் கலையையே புதிதாகக் காட்டின. ஒஸாவா 2024இல் மறைந்தார். அந்நூல் இருக்கிறது. முரக்காமி தனியே கேட்டிருந்தால் அது பிறந்திராது.

ஒஸாவாவின் கண்டனத்தை இப்பிரியர்கள் மனத்தில் இருத்த வேண்டும். துணை தேடுகிறோம் என்று புறப்பட்டுப் பார்வையாளரைத் தேடுவது எளிது. என் கருவியின் விலை இவ்வளவு என்று காட்டுவதற்காக ஒருவரை அழைத்தால், அவர் ஒரு தடவை வருவார், மறுமுறை வரார். இந்தப் பாட்டின் இந்த இடத்தைக் கேளுங்கள் என்று அழைத்தால் அவர் தாமும் ஒரு தட்டைக் கையில் கொண்டு வருவார். கொண்டு வருபவருக்கு நடுக் கதிரையைக் கொடுங்கள். அவர் தட்டு ஒலிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். முடிந்தபின் முதற்சொல்லை அவரே சொல்லட்டும். பழைய கிராமபோன் சங்கங்களும் யப்பானியக் கடைகளும் தத்தம் வழியில் கடைப்பிடித்த ஒழுக்கம் இவ்வளவே. வீட்டிலுள்ள பெண்களையும் பிள்ளைகளையும் தேநீர் தருபவராக மட்டும் நிறுத்தாது, அவர்களுக்கும் ஒரு தட்டைத் தெரிவுசெய்யும் முறை கிடைக்கட்டும்.

எமக்கு நல்ல கருவி ஏது, மாளிகை ஏது என்று ஒருவர் சொல்லக்கூடும். அவருக்கு எம்மண்ணிலிருந்தே மறுமொழி உண்டு. 1990க்குப் பின் சில ஆண்டுகள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்தது. பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. அப்பொழுது மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள். சுற்றும் வேகம் தளர்ந்தால் பாட்டும் தளரும். ஒருவர் கை சோர, மற்றவர் வந்து பிடித்துக்கொள்வார்.

ஸ்ரீரியோவின் கணக்கில் அந்த ஒலிக்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. ஆனால் ஒருவர் கேட்க மற்றவர் சுற்ற வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டில் தனியே கேட்பது சாத்தியமே இல்லை. இன்று மின்சாரம் இருக்கிறது, கருவிகளும் மலிந்துவிட்டன, ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு பாட்டு ஒலிக்கிறது. சுற்றுவதற்கு ஆள் தேவையில்லை என்பதால் கேட்பதற்கும் ஆள் தேவையில்லை என்று நாம் முடிவு கட்டிவிட்டோமோ? இந்த வாரம் உங்களுக்குப் பிடித்த பாட்டொன்றைப் போடுமுன், அயலில் தனித்திருக்கும் ஒருவரை, அதிலும் முதியவர் ஒருவரை, வந்து கேட்குமாறு அழையுங்கள். கதிரை எங்கே போடுவது என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம். அவர் இருக்கும் இடமே நல்ல இடம்.